சம்பந்தி வீட்டு மாட்டுக்குத் தவிடு

கோலா சாவா, தோட்டத்து ஸ்டோர்
சித்திரபானு வருஷம், தை மாதம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அமிர்தலிங்கம் அவர்களுக்கு,

முருகையா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் சம்சாரம் ராக்கம்மாவும் நலம். அங்கே நீங்கள், சம்பந்தியம்மா, மாப்பிள்ளை நல்லசாமி, எங்கள் மகள் செல்லம்மா எல்லாரும் நலமா? இந்தக் கேள்வியை எல்லாருமே எழுதுவார்கள், பதில் வராவிட்டாலும் யாரும் கோபிப்பதில்லை. இந்தத் தடவை நான் பதிலுக்காகவே கேட்கிறேன்.

கரியில் ஓடுகிற லாரிக்கார மணியம் லுக்குட்டில் உங்கள் கடைக்குச் சரக்கு இறக்க வந்தபோது செல்லம்மாவைப் பார்த்தானாம். "அண்ணே, ஒங்க மக காலு ரெண்டும் பலாப்பழம் கணக்கா வீங்கிக் கெடக்கு. கடைப்படி ஏறதுக்குள்ள மூச்சு வாங்குது. கழுத்து நரம்பு துடிக்கிறது எனக்கே தெரியுது லா" என்றான். மணியம் எதையும் கூட்டிச் சொல்லுகிறவன். பலாப்பழத்தைக் குறைத்து மாம்பழம் என்றே வைத்துக்கொள்கிறேன். ஐந்து மாதப் பிள்ளைத்தாய்ச்சிக்கு அதுவும் அதிகம்தானே?

எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி டாக்டர் இராஜரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். இந்த வீக்கத்தைத்தான் அவர் இரவும் பகலும் ஆராய்கிறார். பெரிபெரி என்று பெயராம். தீட்டின வெள்ளை அரிசியையே தின்றால் இருதயம் பலமிழந்து ஊதிப்போகும் என்கிறார். அரிசியின் மேல்தோலில் இருக்கும் சத்துத்தான் மருந்தாம். ஆகையால் இத்துடன் ஒரு பை புதுத் தவிடும், கைக்குத்தல் புழுங்கல் அரிசியும் மணியத்திடம் கொடுத்திருக்கிறேன். தவிட்டைக் கொதிக்கவைத்து வடிகட்டி அவளுக்குக் கொடுக்கச் சொல்லவும்.

நான் ஆறாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவன். ஆறாம் வகுப்புப் பாடத்தில் என்னை மிஞ்ச இந்தத் தோட்டத்தில் ஆள் இல்லை. தப்பாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ரப்பர்ப்பால் நிறுக்கும் மண்டோர் முருகையா


லுக்குட்
5-2-2603

முருகையா அவர்களுக்கு,

நலம். உம் நலத்தை மணியம் சொன்னான்.

நீர் அனுப்பிய தவிடு பக்கத்து வீட்டு வாத்துகளுக்குப் போய்ச் சேர்ந்தது. புழுங்கல் அரிசியை வேலைக்காரி எடுத்துக்கொண்டாள். என் மருமகள் மூன்று வேளையும் சயாம் வெள்ளைப் பச்சரிசி தின்கிறாள். மல்லிகைப் பூ மாதிரி இருக்கும். போருக்கு முன்னால் நான் வாங்கிப் போட்டது. இன்றைக்கு ஊரெல்லாம் மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டிருக்கும்போது அந்த அரிசியை நாலு தண்ணீர் களைந்து, கஞ்சியை வடித்து, பூவாக உதிர்த்து அவளுக்குப் போடுகிறோம். உம் வீட்டில் இருந்திருந்தால் அவளுக்கு அது கனவிலும் கிடைக்காது.

கல்யாணத்தில் என் சொந்தபந்தங்கள் முன்னால் பந்தியில் புழுங்கல் அரிசிச் சோறு போட்டு என் மானத்தை வாங்கினீர். "கடைக்காரர் கூலி லயத்துச் சோறு தின்ன வந்துட்டாரு" என்று என் காதுபடச் சிரித்தார்கள். அதற்குப் பிறகும் உம் மகளை நன்றாகவே வைத்திருக்கிறேன். இப்போது மாட்டுத் தீவனம் அனுப்புகிறீர். அடுத்து என்ன, வைக்கோலா?

அ. அமிர்தலிங்கம்
ரேஷன் ஏஜண்டு


கோலா சாவா
மாசி மாதம்

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கண்டோம். நாங்கள் நலம். தேதியில் 2603 என்று ஜப்பான் வருஷம் போட்டிருந்ததைப் பார்த்து ராக்கம்மா, "அம்மாடி, லுக்குட்டுலேருந்து கடுதாசி வந்து சேர இத்தனை வருஷமா?" என்று பயந்துவிட்டாள். இங்கிலீஷ் வருஷம் எழுதினால் ஜப்பான்காரனிடம் எனக்கு உதை விழும், ஜப்பான் வருஷம் எனக்கு எழுத வராது. அதனால் மாசியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வாத்துகள் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

சம்பந்தி, கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள். ஸ்டோரில் பால் பீப்பாயை விரலால் தட்டிப் பார்த்தே பால் எதுவரை நிற்கிறது என்று நான் சொல்லிவிடுவேன். பால் இருக்கும் இடத்தில் மந்தச் சத்தம், காலி இடத்தில் கணீர் என்ற சத்தம். டாக்டர் மனிதர் நெஞ்சை அப்படித்தான் தட்டுகிறார். நெஞ்சுக்குள் படம் பிடிக்கும் மிஷின் சண்டையில் போய்விட்டது. அதனால் இருதயத்தின் ஓரம் எதுவரை வந்திருக்கிறது என்று தட்டிப் பார்த்து, தோல்மேலேயே மையால் கோடு இழுக்கிறார். ரப்பர்ப் பெட்டிக்குக் குறி போடும் மை, நான் கொடுத்ததுதான். சோப்புப் போட்டாலும் போகாது.

அரிசித் தோலில் விஷயம் இருக்கிறது என்பதை இதே நெகிரி செம்பிலானில் முன்பு இருந்த டாக்டர்களே ஆராய்ந்து சொல்லிவிட்டார்களாம். பச்சரிசி தின்ற ஈயச் சுரங்கத்துச் சீனர்கள் வீங்கிச் செத்தார்கள், புழுங்கல் அரிசி தின்ற நம் தமிழாட்கள் தப்பித்தார்கள். எங்கள் டாக்டர் அதற்கு மேலே போகிறார். ஊதின இருதயம் பழையபடி திரும்புமா? எந்தப் பக்கம் முதலில் திரும்பும்? அதைத்தான் கோட்டுக்குள் கோடு போட்டுப் பார்க்கிறார். தவிட்டுக் கஷாயம் குடித்தவர் நெஞ்சில் இரண்டாவது கோடு முதல் கோட்டுக்கு உள்ளே விழுவதை நான் கண்ணால் கண்டேன்.

என்னையும் தட்டிப் பார்த்தார். "முருகையா, உம்மட இருதயம் நல்லாத்தான் கிடக்கு. தலையைத் தட்டினால்தான் வெறும் சத்தம் கேக்குது" என்றார்.

ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். சம்பந்தியம்மாவை விட்டு செல்லம்மாவின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். விரலை எடுத்த பிறகும் குழி நின்றால் எனக்கு எழுதுங்கள். உடனே வந்து கூட்டிப்போகிறேன்.

முருகையா


லுக்குட்
3-3-2603

முருகையா அவர்களுக்கு,

நலம்.

என் சம்சாரம் அழுத்திப் பார்த்தாள். சூல்கொண்ட பெண்ணுக்கு வீக்கம் இருக்கத்தான் செய்யும். மருமகள் கொஞ்ச நாளாகப் படுத்த வாக்கில் இருக்கிறாள், ஓய்வு வேண்டாமா? சரியாகப் படுக்க முடியாமல் தலையணையை அடுக்கிவைத்துச் சாய்ந்துகொள்கிறாள். அதுவும் சூலால்தான்.

பீப்பாய் தட்டுகிறவர்கள் பீப்பாயைத் தட்டட்டும். குடும்பத்துப் பெண் நெஞ்சில் ரப்பர்ப் பெட்டி மை பூசுவதற்கு என் வீட்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள். பிரசவம் லுக்குட்டிலேயே நடக்கும். உம் டாக்டருக்குப் பைத்தியம் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள்.

அ. அமிர்தலிங்கம்


கோலா சாவா
பங்குனி மாதம்

அமிர்தலிங்கம் அவர்களுக்கு,

குழி நின்றதா, இல்லையா? அதை மட்டும் நீர் எழுதவில்லை.

ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர். தலையணை இருக்கிறது, பீப்பாய் இருக்கிறது, பைத்தியம் இருக்கிறது, குழியை மட்டும் காணோம். நீங்கள் என்று எழுதி எழுதிப் பேனா தேய்ந்ததுதான் மிச்சம். நீர் என்றே எழுதுகிறேன். உமக்கும் அதுதான் பழக்கம்.

தலையணை அடுக்கிச் சாய்ந்தால்தான் மூச்சு விட முடிகிறது என்றால் அவள் இருதயம் தண்ணீரில் மூழ்குகிறது என்று அர்த்தம். நான் சொல்லவில்லை, உம் கடிதத்தை டாக்டரிடம் படித்துக் காட்டினேன். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அந்த மனிதர் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க மாட்டார்.

நீர் அவளுக்குப் போடுகிறது கல்யாணச் சோறு என்று நினைக்கிறீர். நாலு தண்ணீர் களைந்து, கஞ்சியை வடித்து, அவள் உயிரையும் சேர்த்துச் சாக்கடையில் ஊற்றுகிறீர்.

ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. தாய்வீட்டார் கட்டுச்சோறு கொண்டுவந்து பெண்ணை அழைத்துப் போவது நம் வழக்கம். அதை வேண்டாம் என்று தடுத்த சம்பந்தி எவனும் இதுவரை பிறக்கவில்லை. நீர் முதல் ஆளாக இருக்க ஆசைப்பட்டால் இருந்து பாரும். வெள்ளிக்கிழமை வருகிறேன். கதவைச் சாத்தினால் வாசலில் நின்று கத்துவேன். மரத்துக்கு மரம் ஆள் கூப்பிட்டுப் பழகின தொண்டை, போர்ட்டிக்சன் கடல்வரை கேட்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை சண்டைக்குத் தெம்பு வேண்டும்.

முருகையா


லுக்குட்
29-3-2603

முருகையாவுக்கு,

நீர் செய்துவிட்டுப் போனதற்குப் பிறகு நலம் விசாரிப்பது அவசியமில்லை.

ரேஷன் வாங்க ஆட்கள் வரிசையில் நிற்கிற நேரம் பார்த்து, "சம்பந்தி, கட்டுச்சோறு வந்திருக்கு, வழி விடுங்க!" என்று கத்திக்கொண்டு லாரியிலிருந்து குதித்தீர். குதித்தீர் என்று மரியாதைக்கு எழுதுகிறேன், விழுந்தீர். கரிப்புகை பிடித்த முகத்தோடு பானை பானையாக இறக்கினீர். நல்ல காரியத்தில் சண்டை எதற்கு என்று நான் வாயை மூடிக்கொண்டேன். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, கடைசியில் அந்த வெல்ல உருண்டை. வீட்டுப் பெரியவர் முதலில் கைநனைக்க வேண்டும் என்றீர். மூன்று தின்றேன். உம்மேல் இருந்த கோபம்கூடக் கொஞ்சம் இறங்கியது. "நல்லா இருக்கே, யாரு கைப்பக்குவம்?" என்று கேட்டேன்.

அதற்கு உம் சம்சாரம் கடை முழுதும் கேட்கும்படி, "ஒங்க பக்கத்து வீட்டு வாத்து தின்ன அதே தவிடுதான் சம்பந்தி. வாத்து நல்லா இருக்கா?" என்றாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். சீனன்கூடச் சிரித்தான், அவனுக்குத் தமிழே தெரியாது.

என் மகன் நல்லசாமி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு போய் லாரியில் உட்காரவைத்தான். என் முகத்தையும் பார்க்கவில்லை. என் வீட்டில் வந்து என் மகனையும் சேர்த்துக் கொண்டுபோனீர். இனி நமக்குள் எழுத்துப் போக்குவரத்து வேண்டாம்.

அமிர்தலிங்கம்


கோலா சாவா
பங்குனி மாதக் கடைசி

சம்பந்திக்கு,

எழுத வேண்டாம் என்றீர். படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை.

செல்லம்மாவை இறக்கும்போது உதடு நீலமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் திரைக்கு உள்ளே ராக்கம்மாவும் நர்சும், வெளியே நானும் மாப்பிள்ளையும். டாக்டர் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. தட்டிக்கொண்டே போனார். போய்க்கொண்டே இருந்தார். பீப்பாய் தட்டுகிற எனக்கு அது எவ்வளவு தூரம் என்று தெரியும். கோடு அக்குள்வரை போயிருந்தது என்று ராக்கம்மா பிறகு சொன்னாள். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அழுதார் என்று எழுதினால் உமக்குக் கோபம் வரும். வியர்த்தது என்று வைத்துக்கொள்ளும்.

கஷாயத்தைப் பாகுபோல் சுண்டக் காய்ச்சி, வாய்க்கு வாய் ஊட்டச் சொன்னார். மறுநாள் அவள் ஒன்றுக்குப் போக ஆரம்பித்தாள். போனாள், போனாள், ஆற்றுத் தண்ணீர்போல் வீக்கமெல்லாம் அப்படியே வடிந்தது. அதைக் கேட்டு டாக்டர் போட்ட ஆட்டத்தைப் பார்த்திருந்தால் பைத்தியம் என்று நீர் சொன்னதை நானே ஒத்துக்கொண்டிருப்பேன். அந்த வாரக் கடைசியில் இரண்டாவது கோடு போட்டார். முதல் கோட்டுக்கு உள்ளே, நல்ல உள்ளே. "வலப்பக்கம்தான் முதல்லை திரும்புது பார்த்தீரோ!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். என் மகள் பிழைத்தது பாதிச் சந்தோஷம், கோடு நகர்ந்தது பாதிச் சந்தோஷம் அவருக்கு. நான் குறை சொல்லவில்லை. முழுச் சந்தோஷத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

எல்லாருக்கும் பெரிய மனசைக் கொடு என்று மாரியம்மன் கோயிலில் கேட்டுப் பழகின வாய். இப்போது என் பிள்ளை இருதயத்தைச் சின்னதாக்கு தாயே என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை கடைவாசலில் வெறுங்காலோடு நின்றீர். உம் தோல் செருப்பு படியில் கிடந்தது. மானஸ்தரான நீர் சம்பந்தி வருகிற நாளில் செருப்பில்லாமல் நிற்க மாட்டீர். காலில் ஏறவில்லையா? அதே வெள்ளைச் சோற்றைத்தானே நீரும் தின்கிறீர்?

முருகையா


கோலா சாவா
சுபானு வருஷம், வைகாசி மாதம்

சம்பந்திக்கு,

சித்திரை முழுதும் உம்மிடமிருந்து ஒரு வரி இல்லை. திட்டியாவது எழுதியிருக்கலாம்.

உமக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் சுகம். அழுதால் லயம் முழுதும் கேட்கிறது, தொண்டை என்னுடையது. மூக்கு உம்முடையது, எப்போதும் எதையோ மோந்து பார்த்து முகம் சுளிக்கிறாள்.

மாப்பிள்ளை மட்டும் வந்து பார்த்தார். "அப்பாவுக்கு வேலை" என்றார். "கடையில்தானே இருக்காரு?" என்று கேட்டேன். "ஆமா மாமா, ஒக்காந்தே இருக்காரு" என்றார். உட்கார்ந்தே இருக்கிற வேலை என்ன வேலை?

முருகையா


லுக்குட்
2-6-2603

முருகையா அவர்களுக்கு,

குழந்தை பிறந்த செய்தி அறிந்து சந்தோஷம். மூக்கைப் பற்றி எழுதியது அதிகப்பிரசங்கம்.

வேறு விஷயம். ஒரு மாடு வாங்கியிருக்கிறேன். அதற்குத் தவிடு வேண்டும். லுக்குட்டில் நல்ல தவிடு இல்லை. மணியத்திடம் கொடுத்தனுப்பவும். புதுத் தவிடாக இருக்கட்டும்.

வெல்லம் சேர்த்து உருட்டுவது எப்படி என்றும் எழுதவும். மாடு வெறும் தவிடு தின்ன மறுக்கிறது.

அ. அமிர்தலிங்கம்


கோலா சாவா
வைகாசி மாதம்

சம்பந்திக்கு,

உம் கையெழுத்து நடுங்குகிறது. மாடு முட்டியதா?

தவிடு அனுப்பியிருக்கிறேன். வாரம் தவறாமல் மணியம் கொண்டுவருவான். தவிடு ஒரு வாரத்தில் சிக்குப் பிடித்துக் கசந்துபோகும், மிச்சம் வைக்க வேண்டாம் என்று மாட்டிடம் சொல்லவும். வெல்லம் கொஞ்சம், வறுத்த கச்சான் கடலை கொஞ்சம், சூட்டோடு பிடிக்க வேண்டும். மாட்டுக்கு வெள்ளைப் பச்சரிசியை நிறுத்தவும். கஞ்சியை வடிக்க வேண்டாம். மாடு தலையணை அடுக்கிச் சாய்ந்துகொள்கிறது என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.

மாட்டை டாக்டர் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று, சம்பந்தி. டாக்டரைச் சயாமுக்கு அனுப்புகிறார்கள். ரயில்பாதை போடப் பிடித்துப்போகிற நம் ஆட்களோடு அவரும் போகிறார். வேண்டாம் என்று சொல்ல முடியாது. வருகிற செவ்வாய்க்கிழமை செரம்பான் ஸ்டேஷன். இங்கிருந்து நாளைக்கே அவரைக் கூட்டிப்போய்விடுவார்கள், அதற்குள் உம் மாடு கோலா சாவாவுக்கு வர முடியாது. ஸ்டேஷனுக்கு வருமா?

உம்மோடு எனக்கு இன்னும் எவ்வளவோ சண்டை பாக்கி. ஆள் இல்லாமல் யாரோடு போடுவேன்?

முருகையா


லுக்குட்
30-6-2603

முருகையா அவர்களுக்கு,

போன வாரத்துக்கு முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை நல்லசாமி என்னைத் தாங்கிப் பிடித்துச் செரம்பானுக்குக் கூட்டிப்போனான். நீர் வருவதற்கு முன்பே போய்விட்டோம். நீர் பார்த்துவிடக் கூடாது என்றுதான் முன்கூட்டிப் போனேன்.

பிளாட்பாரத்தில் தோட்டத்து ஆட்கள் மூட்டையும் முடிச்சுமாக உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் அவர்களுக்கு நடுவில் குந்தியிருந்தார். "நான் முருகையாவுக்குச் சம்பந்தி" என்றேன். "ஓ, மாட்டுக்காரர்!" என்றார். நீர் எல்லாவற்றையும் சொல்லிவைத்திருக்கிறீர். அத்தனை பேர் முன்னால் என் சட்டையைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். தட்டினார். கோடு போட்டார். எங்கிருந்து எதுவரை என்று உமக்குச் சொல்ல மாட்டேன்.

"ரெண்டாவது கோட்டை யார் போடுறது டாக்டர்?" என்று கேட்டேன். என் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு, "செருப்புக் காலிலை ஏறுற அண்டைக்குக் கோடு உள்ளுக்கை வந்திட்டுது எண்டு வையுங்கோ. பிறகும் விடாமல் தவிடு சாப்பிடுங்கோ" என்றார்.

வாரம் முழுவதற்கும் என்று நீர் அனுப்பிய தவிட்டு மூட்டையை அவரிடம் கொடுத்துவிட்டேன். சிப்பாய் துப்பாக்கிக் கத்தியால் குத்திப் பார்த்தான். உதிர்ந்ததைக் கண்டு, மாட்டுத் தீவனம் என்று சிரித்து விட்டுவிட்டான். நானும் ஒரு நாள் அப்படிச் சிரித்தவன்தான். அங்கே வெள்ளை அரிசிதான் போடுவார்களாம். அந்த ஒரு மூட்டை எத்தனை பேருக்கு வரும்?

இப்போது என் கடையில் ரேஷன் அரிசியோடு ஒரு சிரட்டைத் தவிடும் வாங்கினால்தான் அரிசி. வேண்டாம் என்கிறவன் வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி நிற்கலாம். ஊரே என்னைத் திட்டுகிறது. "கடைக்காரருக்கு நம்மளப் பார்த்தா மாடு மாதிரி தெரியுதா?" என்று என் முகத்துக்கு நேரேயே கேட்கிறார்கள். எல்லாம் உம்மால் வந்தது. தவிடு இனி வாரத்துக்குப் பத்து மூட்டை வேண்டும்.

இன்று காலை இடது செருப்பு ஏறியது. மத்தியானம் வலதும் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை பேத்தியைப் பார்க்க வருகிறேன். புழுங்கல் அரிசிச் சோறே போடலாம், கஞ்சியை வடிக்க வேண்டாம். தின்பேன். நன்றாக இருக்கிறது என்று மட்டும் இந்தத் தடவை என் வாயிலிருந்து வராது. உம் சம்சாரத்திடம் சொல்லிவைக்கவும்.

உம் உடம்பு எப்படி இருக்கிறது? பதில் எழுதவும்.

அமிர்தலிங்கம்